கைமாறியது தோட்டமா, கொடுத்த வாக்கா?

தோட்டங்கள் கைமாறுவது மலேசிய நாட்டில் புதிய செய்தியன்று. பெயர்ப்பலகை மாறும், அடுத்து உத்தரவுகளும் மாறும். இக்காலத்து உத்தரவு யாதெனில், "வீட்டிலிருந்து கணக்கெழுதும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது, கிராணிமார் எல்லோரும் தினமும் ஆபீசில் இருக்க வேண்டும்" என்பதே. "பழைய முதலாளி அனுமதித்தாரே" என்று கேட்டால், "அஃது அவர் காட்டிய சலுகை, எம்மைக் கட்டாது" என்கிறார் புதியவர். இவ்விடை நியாயமானதா என்பதே நமது கேள்வி.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, வீட்டிலிருந்து எழுதும்படி நம்மைக் கேட்டுக்கொண்டவர்கள் முதலாளிமார்களே. செக்ரோலும் சம்பளக் கணக்கும் நம் வீட்டு மேசையில் முடிந்தன. மின்சாரச் செலவு நம்முடையது. இணையக் கட்டணமும் நம்முடையது. அன்று நம்பத்தக்கவனாயிருந்த கிராணி, உடையவர் மாறியவுடன் நம்பத்தகாதவனாகிவிட்டானா? என்னே விந்தை!

"கண்முன் இருந்தால்தான் வேலை நடக்கும்" என்பது கங்காணி காலத்துப் புத்தி. கணக்கு சரியா, பிழையா என்பதைக் கணக்கே சொல்லும். ஆபீசில் உட்கார்ந்து கொட்டாவி விட்டே பொழுது போக்குபவர்களை நாம் கண்டதில்லையா?

"பால்மரம் வெட்டுபவன் விடியுமுன் காட்டுக்குப் போகிறான்; உங்களுக்கு மட்டும் வீடா?" என்றும் கேட்கிறார்கள். இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். காலைப் பெரட்டுக்கும், சம்பள நாளுக்கும், தொழிலாளி குறை சொல்ல வரும் வேளைக்கும் கிராணி நேரில் இருந்தே தீர வேண்டும். இதில் தவறுபவனுக்காக நாம் வாதாட மாட்டோம். ஆனால் மாதக் கடைசியில் எண்களைக் கூட்டிச் சரிபார்ப்பதற்கு ஆபீஸ் கூரை எதற்கு? நம் வசதியைப் பறிப்பதால் பால்மரத் தொழிலாளிக்கு ஒரு காசாவது கூடுமா?

சட்டம் என்ன சொல்கிறது? வேலைமுடிவு நஷ்டஈடு பற்றிய 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழில் கைமாறிய 7 நாட்களுக்குள், முன்னிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரப் புதிய உடையவர் முன்வர வேண்டும். இல்லையேல் ஒப்பந்தம் முடிந்ததாகவே கருதப்படும். நல்லது. ஆனால் வாய்ச்சொல்லாய் இருந்த அனுமதி நிபந்தனையா, சலுகையா? இங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம். காட்டுவதற்கு நம் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பெற்று, 2023 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. அதன்படி வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் கூற வேண்டும். சிங்கப்பூரிலும் 2024 டிசம்பர் 1 முதல் 2 மாதத்திற்குள் பதில் கூறும் நெறிமுறை நடப்பில் உள்ளது. கேட்பதற்குத்தான் உரிமை, பெறுவதற்கு அன்று. ஆயினும் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் சற்றே யோசிப்பார்.

கிராணித் தோழர்களே! நல்ல முதலாளியின் முகத்தை நம்பி இருந்தது போதும். அம்முகம் என்று மாறும் என்பதை அறிபவர் நம்மில் யாருமில்லை. தோட்டம் விலைபோகும் வரை காத்திராமல் இன்றே எழுத்தில் கேளுங்கள். தனித்தனியே கேட்டு நிற்காமல், சங்கத்தின் வழியாகக் கூட்டு ஒப்பந்தத்தில் ஏறச் செய்யுங்கள். தோட்டத்தை வாங்குபவர் மரத்தையும் மண்ணையும் மட்டுமல்ல, அங்கே கொடுக்கப்பட்ட வாக்கையும் சேர்த்தே வாங்கட்டும்!