இரவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்

ஆடிச் சாரல் விழத் தொடங்கிவிட்டால் பாவூர்சத்திரம் வழியாகக் குற்றாலத்துக்குப் போகும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. திருநெல்வேலிச் சாலையில் வேன்கள் வரிசை கட்டும். ரயிலில் நின்றுகொண்டே கூட்டம் வரும். அந்தச் சாலையோரத்து ஊர்களிலேயே பிறந்து, முப்பது வயதைத் தாண்டியும் அருவியில் ஒருமுறைகூடத் தலை நனைக்காதவர்கள் இருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள். ஊரே அருவிக்குப் போகிற நாளில் இவர்களும் இவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். யாரும் தடுத்ததில்லை, யாரும் கூப்பிட்டதுமில்லை.

வரும் ஆடியில் இவர்களுக்கென்று இரண்டு இரவு தங்கும் முகாம் ஒன்றைத் தென்காசி மாவட்ட நிர்வாகம் நடத்த வேண்டும். பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கு. பெற்றோர் கூட வராமல். பாவூர்சத்திரத்தில் தங்கி, குற்றாலத்தில் குளித்து. அதற்கு வேண்டிய இடமும் ஆளும் சட்டமும் இங்கேயே இருக்கின்றன. முடிவெடுப்பது ஒன்றுதான் பாக்கி.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு முகாம் நடத்தாமல் இல்லை. அடையாள அட்டை, மூன்று சக்கர வண்டி, காதொலிக் கருவி என்று ஆண்டு முழுவதும் நடக்கிறது. காலையில் பந்தல் போட்டு, மதியம் சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிவிடுவார்கள். அவை தேவையானவை, குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டின் பாரம் அழுத்துவது அந்த நாற்காலிகளை அடுக்கிய பிறகுதான்.

கீழப்பாவூர் வட்டாரத்தில் பீடி சுற்றும் வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு அறுபது வயது, மகனுக்கு முப்பத்திரண்டு. பகலெல்லாம் மடியில் பீடித்தட்டு. கை இலையைச் சுருட்ட, கண் மகன் மேல் இருக்கும். ராத்திரி படுக்கும்போது ஒரு நூலை எடுத்துத் தன் வளையலில் ஒரு முனையையும் அவன் மணிக்கட்டில் மறு முனையையும் கட்டிக்கொள்கிறார். அவன் எழுந்தால் நூல் இழுக்கும், விழித்துக்கொள்ளலாம். ஃபிட்ஸ் வந்தாலும் தெரியும். இந்த ஏற்பாடு பல ஆண்டாக நடக்கிறது. அந்த அம்மா கடைசியாக ஒரு முழு இரவு தூங்கியது எப்போது என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்டதில்லை. “நான் கண்ணை மூடிட்டா இவன் கதி என்ன?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதிலும் இல்லை.

பதினெட்டு வயது வரை ஏதோ ஒரு பிடிமானம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆறிலிருந்து பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. சிறப்புப் பள்ளிக்கு வேன் வரும், ஆசிரியர் வருவார், பிசியோதெரபி நடக்கும். பதினெட்டு முடிந்த மறுநாள் வேன் வராது. அதன் பிறகு மிஞ்சுவது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. நாளைக்கு அறுபத்தாறு ரூபாய் சொச்சம். அந்தத் தொகைக்கு ஓர் இரவு உதவியாளரை எந்த ஊரிலும் அமர்த்த முடியாது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை, குடும்பத்துக்கு ஓய்வு கிடைக்கச் ‘சமர்த்’ என்ற குறுகிய காலத் தங்கல் திட்டத்தையும், வயது வந்தோர் நிரந்தரமாக வாழக் ‘கரௌண்டா’ என்ற குழு இல்லத் திட்டத்தையும் வைத்திருக்கிறது. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் முப்பது ஆண்டு அம்மாவைத் தவிர யார் பக்கத்திலும் படுத்து அறியாத ஒருவரை, அம்மா இறந்த பதினாறாம் நாள் ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டால் அவர் என்ன ஆவார்? வேறொரு கூரையின் கீழ் தூங்கிப் பழக, அம்மா உயிரோடு இருக்கும்போதே சில இரவுகள் வேண்டும். முகாம் அதற்குத்தான். அருவிக்குளியல் அதன் இனிப்பான பகுதி.

இது கருணைக் கோரிக்கை அல்ல. அதே 2016 சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியது. சாரணர் இயக்கம், நடனம், கலை வகுப்புகளோடு, திறந்தவெளி முகாம்களிலும் சாகச நிகழ்ச்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாடாளுமன்றத்தில் இந்த வரியை எழுதியவர்களுக்குக் குற்றாலம் தெரிந்திருக்குமோ என்னவோ, நமக்குத் தெரியும். 2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த, இந்தச் சட்டத்தின்கீழ் வகுத்த 15ஆம் விதி அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று சொல்லிவிட்டது; கட்டாயத் தரங்களை வகுக்கவும் ஆணையிட்டது. இதற்குப் பிறகும் ‘முடிந்தால் செய்வோம்’ என்ற பதிலுக்கு இடமில்லை.

ஒரு முகாமால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் ஜெனட் முகாமைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 1951இல் தொடங்கி 1977 வரை நடந்த கோடை முகாம் அது. போலியோவும் மூளை முடக்குவாதமும் உள்ள இளைஞர்கள் அங்கே பந்தாடினார்கள், சண்டை போட்டார்கள், காதலித்தார்கள், இரவெல்லாம் பேசினார்கள். பேசியதில் ஒன்று, தங்களுக்கு ஏன் எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்பது. 1977இல் சான்பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து உரிமை விதிகளில் கையெழுத்து வாங்கியவர்களில் ஜூடி ஹியூமன் உட்படப் பலர் அந்த முகாமில் பழகியவர்கள். 2020இல் வந்த ‘கிரிப் கேம்ப்’ ஆவணப்படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. இன்று உலகெங்கும் நடக்கும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் விதைகூட, யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962இல் தன் வீட்டுத் தோட்டத்தில் நடத்திய ஒரு கோடை முகாம்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் பெயரால் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதலில் கூரைக் கொட்டகையும் ஐந்து பிள்ளைகளும்தான். பின்னால் தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமனும் சேர்ந்துகொள்ள, இன்று நாடறிந்த மறுவாழ்வு நிறுவனமாக நிற்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஒருவரை எப்படித் தூக்குவது, பேசாதவருக்குப் பசிக்கிறதா வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதெல்லாம் கைப்பழக்கமாக உள்ளவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பயிற்சிக்குச் சென்னையிலிருந்து நிபுணர் வர வேண்டிய நிலை இல்லை.

எங்கே தங்க வைப்பது? குற்றாலம் விடுதிகள் வேண்டாம். சீசனில் வாடகை எகிறும். அதைவிடப் பெரிய சிக்கல் குளியலறை. கதவு இரண்டடி அகலம், வாசலில் அரையடிக் கட்டு, உள்ளே ஈரப் பளிங்கு. சக்கர நாற்காலி வாசலோடு நின்றுவிடும். பாவூர்சத்திரத்திலோ ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் காலி. முகூர்த்தம் இல்லாத மாதமும் சாரல் விழும் மாதமும் ஒன்றாக வருவதைப் போல வசதி வேறென்ன? தரைத்தளத்தில் பெரிய கூடம், பெரிய சமையற்கட்டு, பந்தி பரிமாறத் தெரிந்த ஆட்கள், ஜெனரேட்டர், வேன் வந்து திரும்ப இடம். ரயில் நிலையமும் பேருந்தும் கைக்கெட்டும் தூரம். காய்கறிக்குச் சந்தை இருக்கவே இருக்கிறது. மண்டபத்துக்குச் செய்ய வேண்டிய மாற்றம் சிறிது: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் ஒரு சாய்தளம், மூன்றடிக் கதவும் கைப்பிடியும் உள்ள கழிப்பறைகள் இரண்டு. செலவில் ஒரு பங்கை அரசு கொடுத்தால் மண்டப உரிமையாளர் மறுக்க மாட்டார். அந்தச் சாய்தளம் தை மாதம் கல்யாணத்துக்கு வரும் பாட்டிக்கும் ஆகும்.

இனி, இரவு. இதில் அரசுக்கு உள்ள பயம் நியாயமானது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய முகாம் பற்றிப் பேசுகிற எவரும் அந்த விடியலை மறந்துவிட்டுப் பேச முடியாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இரவே வேண்டாம் என்பதல்ல. இரவில் விழித்திருப்பதற்கு ஆளும் சம்பளமும் ஒதுக்காமல் யாரையும் தங்க வைக்கக் கூடாது என்பதுதான். நம் நிகழ்ச்சிகளில் மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாவற்றுக்கும் கணக்குத் தலைப்பு இருக்கும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கண் விழிப்பவருக்கு மட்டும் இருக்காது. ‘தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று எழுதிவிடுவார்கள். பகல் முழுவதும் அருவிக்கரையில் ஓடியாடிய கல்லூரி மாணவன் இரவு பதினொரு மணிக்கு என்ன செய்வான்? தூங்குவான். அவன் மேல் தவறில்லை.

ஆகவே முதல் ஆண்டு பன்னிரண்டு பேர் போதும். தூக்கி உட்கார வைக்க வேண்டியவருக்கு ஆளுக்கு ஒருவர் துணை; அதற்கு மேல், இரவு ஷிப்டுக்கென்றே, பகலில் தூங்கி எழுந்து வரும் பணியாளர் மூவர், ஒரு செவிலியர். வலிப்பு மாத்திரை வேளை தவறினால் புது இடத்துக் களைப்பும் சேர்ந்து ஃபிட்ஸைக் கொண்டுவரும். மாத்திரையை யார் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தண்டுவடம் பாதித்தவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். கட்டில் உயரமும் சக்கர நாற்காலி உயரமும் ஒன்றாக இருந்தால் பலர் தாமே நகர்ந்துகொள்வார்கள். பெண்களுக்குப் பெண்களே உதவியாளர். யாராக இருந்தாலும் ஓர் உதவியாளர், ஒரு பங்கேற்பாளர், பூட்டிய அறை என்ற நிலை வரவே கூடாது. பணிக்கு எடுக்கும் முன் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். வெளியேறும் வாசல் இரண்டு, தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம், வாசலில் ஓர் ஆம்புலன்ஸ். இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் விளையாட்டு, பாட்டு, பேனர் பற்றி யோசிக்க வேண்டும்.

அருவிக்கு வருவோம். ஆடி அமாவாசையையும் சனி, ஞாயிறையும் விட்டுவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிற்றருவியிலோ புலியருவியிலோ இரண்டு மணி நேரம். பேரருவியின் அடி எல்லாத் தோளுக்கும் தாங்காது. கரை வரை வழுக்காத ரப்பர் விரிப்பு, நனைந்தாலும் துருப்பிடிக்காத பிளாஸ்டிக் குழாய் நாற்காலிகள் நான்கைந்து. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. தண்ணீர் ஏறினால் காவலர் ஊதும் விசில் காது கேளாதவருக்கு எட்டாது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு விளக்கு வேண்டும். அது அருவிகள் எல்லாவற்றிலும் நிரந்தரமாகவே வேண்டும், முகாமுக்காக மட்டுமல்ல.

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் இறுதியில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல்வரை மரப்பாதை திறந்தார்கள். அதுவரை தூரத்தில் நின்று கடலைப் பார்த்தவர்கள் அலையில் கால் நனைத்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து பாதையைச் சேதப்படுத்தியது; சரிசெய்தார்கள். கடலுக்கு அந்த மெனக்கெடல் முடியுமென்றால் சிற்றருவிக்கு முடியாதா?

‘தனி முகாம் என்பதே ஒதுக்கி வைப்பதுதானே?’ என்று உரிமை இயக்கத்தினர் சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. எட்டடிச் சுவருக்குள் நடத்தினால் ஒதுக்கல்தான். அதனால்தான் கடைத்தெருவில் உள்ள மண்டபம் வேண்டும் என்கிறோம். அருவிக்கரையில் கயிறு கட்டிப் பொதுமக்களை விரட்டக் கூடாது. பக்கத்தில் மற்றவர்களும் குளிக்கட்டும். ஓர் இரவு எல்லோரும் பார்டர் பரோட்டா சாப்பிடப் போகட்டும், கடைக்காரர் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றட்டும். எத்தனை பரோட்டா என்பதைச் சாப்பிடுகிறவரே சொல்லட்டும்.

இந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. வந்திருப்பவர்கள் வளர்ந்தவர்கள். நாற்பது வயதுக்காரரைக் கைதட்டச் சொல்லி நிலாப் பாட்டுப் பாடவைக்கும் வழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. அவருக்குச் சினிமாப் பாட்டுப் பிடிக்கும். பத்து மணிக்கு மேல் விழித்திருக்கப் பிடிக்கும். சிலருக்கு யாரோடும் பேசாமல் ஓரமாக உட்காரப் பிடிக்கும். தண்ணீரைக் கண்டு பயந்தவரை ‘ஒண்ணும் ஆகாது’ என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வந்த முதல் இரவே அம்மா வேண்டும் என்று அழுதால், வீட்டுக்கு அழைத்துப்போக வண்டி தயாராக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவர் ஓர் இரவு இருந்து பார்ப்பார்.

குற்றாலத்துச் சாரல் திருவிழாவுக்கு அரசு ஆண்டுதோறும் பணம் செலவழிக்கிறது. கோலப்போட்டி நடக்கிறது, நாய்க் கண்காட்சி நடக்கிறது, கொழு கொழு குழந்தைப் போட்டி நடக்கிறது. அதே விழாச் செலவில் இந்த முகாமுக்கு ஒரு பங்கு ஒதுக்கட்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்று உலக வங்கி 2022இல் ஒப்புதல் அளித்த 16.2 கோடி டாலர் கடனில் தமிழ்நாடு நடத்திவரும் திட்டத்தில், இரவுப் பணியாளர் சம்பளத்தையும் பயிற்சியையும் சேர்க்க ஆட்சியர் இப்போதே கேட்டு எழுதலாம். பங்குனிக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், ஆடிக்கு முன் ஒவ்வொருவர் வீட்டுக்கும் உதவியாளர் இரண்டு முறையாவது போய்ப் பழக நாள் இருக்கும். முகாம் முடிந்ததும் என்ன தவறியது, எந்த மாத்திரை வேளை பிசகியது, யார் இரண்டாம் இரவே திரும்பினார் என்பதைப் பெயர்கள் இல்லாமல் அறிக்கையாக மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். ஒகேனக்கல் உள்ள தருமபுரிக்கும் ஏற்காடு உள்ள சேலத்துக்கும் இதே போல முகாம் நடத்த, மாலை போட்ட புகைப்படங்களைவிட அந்தக் குறைப்பட்டியல்தான் உதவும்.