அப்பா இன்னும் பிறக்கவில்லை!

போன மாதம்தான் எனக்கே தெரிந்தது. எங்கப்பா பிறக்க இன்னும் ஏறக்குறைய முப்பது வருஷம் இருக்கிறதாம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபத்தேழு வருஷம் ஷிஃப்ட் பார்த்து ரிட்டையரானவர். மூன்று மாதமாக பென்ஷன் வரவில்லை. மாத்திரைக் கடையில் கணக்கு ஏறிக்கொண்டே போக, திருவள்ளூரில் ஓர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். (பெயர் வேண்டாம். அடுத்த வாரமும் அங்கே போக வேண்டும்.)

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மணி திரையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இவர் பிறந்த வருஷம் 2055-னு காட்டுது சார்."

"அப்போ இவனை யாரும்மா பெத்தது?" என்றார் அப்பா, என்னைக் காட்டி.

"பழைய ரெக்கார்டை எல்லாம் புது சிஸ்டத்துக்கு மாத்தினாங்க. அதுல இப்படி ஆயிடுச்சு. எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

பழைய பதிவில் '55' என்று மட்டும் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் நினைவகம் யானை விலை. அதனால் '19'-ஐ வெட்டி மிச்சம் பிடித்தார்கள். 2000 நெருங்கியதும் '00' வந்தால் 1900 ஆகிவிடுமே என்று உலகமே அலறியது. நம்ம ஊர்ப் பையன்கள் கோபால் படித்து ப்ளேன் ஏறியது அப்போதுதான். எல்லா வருஷத்தையும் நாலு இலக்கமாக மாற்ற அவகாசம் ஏது? பல இடங்களில் நடுவே ஒரு கோடு போட்டார்கள். 69 முதல் 99 வரை போன நூற்றாண்டு, 68 வரை இந்த நூற்றாண்டு என்பது அதில் ரொம்பப் பிரபலம். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போட்ட மாதிரி. அப்பா பதினாலு வருஷம் லேட்டாகப் பிறந்திருந்தால் தப்பித்திருப்பார்!

எல்லாமே சிரிப்பு இல்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரில் 2000-ல் ஒரு பரிசோதனைக்கூடக் கம்ப்யூட்டர், கர்ப்பிணிகளின் வயதைத் தப்பாகக் கணக்குப் போட்டது. 154 பேருக்கு, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரக்கூடுமா என்ற சோதனையின் முடிவு தவறாகப் போனது.

அடுத்த கண்டம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. (ராகு காலம்கூட இல்லை. அது மூணு மணிக்கு.) யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. பழைய 32 பிட் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் இடமில்லை. அடுத்த விநாடி, 1901 டிசம்பருக்குப் பாயும்! பி.காம். படித்த எனக்கு உறைப்பது வேறு. இருபது வருஷ வீட்டுக்கடன் இன்று வாங்கினால், கடைசித் தவணை அந்தத் தேதியைத் தாண்டித்தான் விழும்.

இன்றைய செல்போன், கம்ப்யூட்டர் பெரும்பாலும் 64 பிட். கவலையில்லை. கவலை எல்லாம் மூலையில் கிடக்கும் பழசுகள்தான். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கும் நண்பனிடம் கேட்டேன்.

"எங்ககிட்ட ஒரு கன்ட்ரோலர் இருக்குடா. அதைப் பண்ணின கம்பெனியே இப்ப இல்ல. உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தொட்டா நின்னுடும்னு யாரும் தொடுறதில்ல."

"அப்புறம்?"

"ஆயுத பூஜைக்கு மட்டும் தொடுவோம். சந்தனம், குங்குமம்."

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"2038-ல எனக்கு 83. அதுக்குள்ளயாவது என்னைப் பொறக்க வெச்சுடுவாங்களாடா?"