மழையில்லாத பந்தயம் எதற்கு?

ஆடி, ஆவணி மாதங்களில் வங்கக் கடலிலிருந்து உள்நாட்டுக்குள் புகும் கடற்காற்றும் மேற்கேயிருந்து வரும் பருவக்காற்றும் எங்கோ திருவள்ளூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்ட வெளியில் சந்தித்து, அங்கே கருக்கொண்ட இடிமேகம் அந்தி சாய்ந்த பிறகு கிழக்கு நோக்கி நகரத் தொடங்கும்போது, அதன் முதல் அடியை வாங்கிக்கொள்பவை பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய நம்முடைய மேற்குப் புறநகர்கள்தாம். மயிலாப்பூர்வாசி மாடியில் நின்று தூரத்து மின்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்துக் கிளம்பியவன் பாதி வழியில் தொப்பலாக நனைந்து ஏதாவதொரு பாலத்தடியில் ஒதுங்கியிருப்பான். வானத்தை ஒருபோதும் முழுதாக நம்பாமல் வளர்ந்த இந்த ஊர்ப் பிள்ளைகள், இரவு சாப்பாட்டுக்குப் பின் கம்ப்யூட்டருக்கு எதிரே அமர்ந்து நண்பர்களோடு கார்ப் பந்தயம் ஓட்டத் தொடங்கும்போது மட்டும், மழையை அடியோடு நிறுத்திவைத்து, மேகமற்ற பிற்பகலையும் உலர்ந்த தளத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு விநோதமாகப் படுகிறது. விநோதம் மட்டுமல்ல, அந்த விளையாட்டில் உள்ள சாரத்தையே வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையை வைத்துக்கொள்ளும் காரியமாகவும் படுகிறது.

'சிம் ரேசிங்' என்று அவர்கள் சொல்லும் இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்கள், பழைய வீடியோ கேம் கடைகளில் பட்டனைத் தட்டி ஓட்டிய பொம்மைக் காரை நினைத்துக்கொள்ளக் கூடாது. மேஜை விளிம்பில் இறுக்கிப் பொருத்திய ஸ்டியரிங் வீலுக்குள் ஒரு மோட்டார் இருந்து, டயர் தரையைப் பற்றுவதையும் பற்று விடுவதையும் கைகளுக்கு உணர்த்துகிறது. உலகத்துப் பந்தயத் தடங்கள் லேசர் கருவியால் அளக்கப்பட்டு, மேடு பள்ளங்கள் பிசகாமல் திரையில் வந்து நிற்கின்றன. ரோமாபுரிக்கு அருகே வல்லேலுங்கா என்ற பந்தயத் தடத்திலேயே அலுவலகம் வைத்திருக்கும் குனோஸ் நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட 'அசெட்டோ கோர்ஸா கொம்பெட்டிட்சியோனே' என்ற ஆட்டத்தில், பந்தயத்தின் நடுவில் மேகம் திரண்டு, தூறல் விழுந்து, அது பெருமழையாகி, பின் ஓய்ந்து, தடம் மெல்ல மெல்ல உலர்வது வரையில் எல்லாம் உண்டு. 'கிரான் டூரிஸ்மோ 7'-இலோ மேகம் எந்தத் திக்கிலிருந்து நெருங்குகிறது என்பதைக் காட்டும் ரேடார் படமே திரையின் மூலையில் தெரியும். இவ்வகை ஆட்டங்களில் மிகவும் கண்டிப்பானதென்று பெயரெடுத்த 'ஐரேசிங்' 2008-இல் தொடங்கியது. ஆனால் அதில் முதல் மழை பெய்தது 2024 மார்ச்சில்தான். பதினாறு வருஷ காலம் ஒரு சொட்டு மழை காணாத உலகத்தில் ஆயிரக்கணக்கானோர் அலுக்காமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்! மழையைத் திரையில் வரைந்து காட்டுவது சுலபம். விழுந்த நீர் தடத்தின் சரிவுக்கேற்ப எங்கே ஓடும், எங்கே தேங்கும், போகிற கார்கள் அதை எவ்வளவு ஒதுக்கித் தள்ளும் என்று கணக்கிடுவதுதான் பெரும்பாடு.

உலர்ந்த தடத்தில் ஓட்டுவது பெரும்பாலும் அப்பியாசம். ஒரே வளைவை நூறு முறை சுற்றியவன் நூற்றோராவது முறையும் அதே இடத்தில் பிரேக்கை மிதித்து, அதே இடத்தில் திருப்பி, அதே விநாடிக் கணக்கில் வெளியே வந்துவிடுகிறான். ஆகவே அங்கே ஜெயிப்பவன் பெரும்பாலும் அவகாசம் அதிகம் உள்ளவன்; அடுத்தபடியாக, விலையுயர்ந்த வீலும் பெடலும் வாங்க வசதியுள்ளவன். மழை வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. இத்தனை நேரம் டயர்களின் ரப்பர் படிந்து படிந்து எது மிகச் சிறந்த பாதையாக இருந்ததோ, அதுவே நீர் பட்டவுடன் மற்ற இடங்களைக் காட்டிலும் அதிகமாக வழுக்குகிறது. மனப்பாடம் செய்து வைத்திருந்த வழியை விட்டு, வளைவின் வெளிப்புறத்தில், யாரும் மிதிக்காத சொரசொரப்பான தளத்தைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. கனத்த மழையில் தேங்கிய நீர்மேல் டயர் மிதந்துவிட்டாலோ, ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் கார் தன் போக்கில்தான் போகும். உண்மையான ஃபார்முலா ஒன் காருக்குப் பிரெல்லி கம்பெனி செய்யும் கனமழை டயர், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் நீரை வெட்டி எறியும் என்று சொல்கிறார்கள். அதே டயரை உலர்ந்த தடத்தில் ஓட்டினால் சில சுற்றுக்களிலேயே சூடேறிப் பாழாகிவிடும்.

டயரை மாற்றுவதா, பொறுத்திருப்பதா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. நான் சொன்ன இத்தாலிய ஆட்டத்தின் ஜிடி3 கார்களுக்கு உலர்டயர், மழைடயர் என்று இரண்டே வகைதான்; இடைத்தரமானது கிடையாது. எனவே தூறல் தொடங்கிய கணத்திலிருந்து ஓட்டுகிறவனின் மனத்தில் ஒரு வழக்கு நடக்கத் தொடங்கிவிடுகிறது. மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டிருக்கும் அம்மாள், மேற்கே இருட்டிக்கொண்டு வருவதைக் கண்டு, இப்போதே வாரிவிட்டால் காயாத வடாம் கெட்டுப்போகுமே என்றும், பொறுத்திருந்து மழை பிடித்துக்கொண்டால் முழுவதும் போய்விடுமே என்றும் தவிப்பாளே, அந்தத் தவிப்புத்தான் இது. இந்தத் தீர்மானத்தை எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் எடுத்துக்கொடுப்பதில்லை. நல்ல வீல் வைத்திருப்பவனுக்கு டயர் வழுக்குவது ஒரு கணம் முன்னதாகத் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டயர் மாற்றுவதற்காக எந்தச் சுற்றில் 'பிட்' என்னும் தடத்தோரப் பணியிடத்துக்குள் நுழைவது என்பதை அவனும் தன் புத்தியைக் கொண்டேதான் நிச்சயிக்க வேண்டும்.

மெய்யான ஃபார்முலா ஒன் பந்தயங்களிலும் நினைவில் நிலைத்தவை இப்படிப்பட்டவையே. 1993 ஏப்ரல் 11-ஆம் தேதி இங்கிலாந்தின் டோனிங்டன் தடத்தில், மழை வருவதும் விடுவதுமாக இருந்த அன்று, புறப்பாட்டில் ஐந்தாம் இடத்துக்குப் பின்தங்கிய அயர்டன் சென்னா முதல் சுற்று முடிவதற்குள் எல்லோரையும் தாண்டி முன்னே வந்துவிட்டார். அன்றைக்கு அவரைவிட வேகமான காரை ஓட்டிய அலெய்ன் புரோஸ்டோ வானத்தைத் துரத்தித் துரத்தி ஏழு முறை பிட்டுக்குள் நுழைந்து, ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கி மூன்றாவதாக வந்தார். 2008 நவம்பர் 2-ஆம் தேதி பிரேஸில் பந்தயத்தின் கடைசிச் சுற்றுக்களில் மழை பிடித்தபோது, முன்னணியிலிருந்தவர்கள் டயர் மாற்ற, டொயோட்டா ஓட்டிய டிமோ குளோக் உலர்டயரிலேயே பிடிவாதமாகத் தொடர்ந்தார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவருகே அவர் வழுக்கித் தத்தளித்தபோது லூயிஸ் ஹாமில்டன் அவரைத் தாண்டி ஐந்தாவதாக வந்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். குளோக்கின் தீர்மானத்தைப் பிழை என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆறாவதாக வந்து அவரும் புள்ளிகள் பெற்றார்.

இத்தகைய பந்தயத்தை முன்பின் அறியாதவர்களோடு ஓட்டிப் பிரயோஜனமில்லை. முகமறியாத கூட்டத்தில் மழை வந்தால், முதல் வளைவிலேயே நாலு பேர் மோதி, மூன்றாவது சுற்றுக்குள் பாதிப்பேர் ஆட்டத்தைவிட்டே போய்விடுவார்கள். நண்பர்கள் போவதில்லை. ஆவடியில் இருக்கும் என் மருமான் ஒரு சனிக்கிழமை இரவு தன் கோஷ்டியோடு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓட்டியதை நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒருவன் பூந்தமல்லி, ஒருவன் அம்பத்தூர், ஒருவன் ஷார்ஜா. காதில் மாட்டிய கருவியில் டிஸ்கார்ட் என்ற செயலி வழியே ஓயாத பேச்சு. "மச்சி, டயர் மாத்தலாமாடா?" என்று ஒருவன் கேட்க, "இன்னும் ரெண்டு லேப் தாங்கும், பேசாம ஓட்டு" என்று இன்னொருவன் சொல்கிறான். சொல்கிறவன் போட்டியாளன், அவன் யோசனையை நம்புவதா, நம்மைத் தடத்திலேயே நிறுத்திவிட்டு அவன் மட்டும் பிட்டுக்குள் நழுவப் பார்க்கிறானா என்ற சந்தேகம் வேறு. பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவனின் குரலில் உள்ள கபடத்தையும் கபடமின்மையையும் பகுத்தறிவதும் இந்த ஆட்டத்தின் ஓர் அங்கம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஆவடியிலும் கொட்டத் தொடங்கி, கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது. தெருமுனையில் இருந்த இன்டர்நெட் பெட்டியை யார் காப்பாற்றுவது? முன்னணியில் இருந்த காரோடு என் மருமான் பந்தயத்திலிருந்து மறைந்துபோனான். அரை மணி கழித்து இணைப்புத் திரும்பியபோது, மற்றவர்கள் பந்தயத்தையே ரத்து செய்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தார்கள். எந்த லீக்கின் விதிப்புத்தகத்திலும் இதற்கு இடமிராது.

தொலைவும் இதில் ஒரு கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வழியே சிங்கப்பூர் சென்று திரும்ப, எவ்வளவு குறைத்தாலும் முப்பது மில்லி விநாடி ஆகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஐரோப்பிய சர்வரில் ஓட்டி, தாமதம் 150 மில்லி விநாடியாகிவிட்டால், நம் கண்ணுக்குத் தெரியும் எதிராளியின் கார் மெய்யாக இருக்கும் இடத்திலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நிற்கும். மழையில், முன்னே போகும் காரின் சக்கரம் இறைக்கும் நீர்த்திரையில் கண்ணும் மறைந்த நிலையில், பக்கத்தில் வருகிறவனுக்கு ஒரு கார் அகலம் இடம் விடுவது மரியாதையால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம்.

இந்தப் பிரதேசத்துக்கும் பந்தயத்துக்கும் உறவு இன்று நேற்று உண்டானதல்ல. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்க நகரமே திரண்டு போன காலம் ஒன்று உண்டு. அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. 1990-இலிருந்து பந்தயங்கள் பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு வந்தன, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் பூந்தமல்லியிலிருந்து அரைமணிப் பிரயாணம். ஆனால் பூந்தமல்லி வாலிபன் ஒருவன் அங்கே போட்டியாளனாக நுழைய வேண்டுமானால், கார், டயர், மெக்கானிக், லைசென்ஸ் என்று ஆகும் செலவு ஒரு நடுத்தரக் குடும்பம் ஆயுள் முழுதும் சேர்த்ததைத் தின்றுவிடும். நகரத்துக்குள்ளேயே தீவுத்திடலைச் சுற்றி நடத்தத் திட்டமிட்ட இரவுப் பந்தயத்தை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தள்ளிப்போட வைத்தது. 2024 ஆகஸ்டு 31-ஆம் தேதி அது ஒருவழியாகத் தொடங்கவிருந்தபோதும் மழை வந்து நேரத்தைக் குலைத்தது. சென்னையில் பந்தயம் என்றால் மழையும் அழையா விருந்தாளியாக வந்து அமர்ந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

திரையில் மோதினால் வலிப்பதில்லை, ஆகவே இது வெறும் பிரமை என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். வலிப்பதில்லை என்பதையே நான் இதன் சிறப்பாகக் கருதுகிறேன். 2023-ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஜனவரியில் அநுபவசாலியான கார் ஓட்டுநர் ஒருவரும், ஆகஸ்டில் பதின்மூன்றே வயதான மோட்டார் சைக்கிள் வீரன் ஒருவனும் பந்தயத்திலேயே உயிர் நீத்தார்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை பூந்தமல்லி, நெமிலிச்சேரி வழியாகச் செல்லும் வெளிவட்டச் சாலையில் இரவுகளில் பைக் பந்தயம் விடும் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறோம். அவர்களில் நாலு பேராவது வீட்டுக்குள் அமர்ந்து, ஈரத்தளத்தில் பிரேக் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதைச் சேதமில்லாமல் கண்டுகொண்டால் அது யாருக்கு நஷ்டம்? இதைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பேசுவதும் நியாயமல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து அங்கீகரித்திருக்கிறது. கண்விழித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் குற்றத்துக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆகவே, நண்பர் குழுக்களுக்கும் கல்லூரிகளுக்கும் இத்தகைய பந்தயங்களை ஏற்பாடு செய்கிறவர்களிடம் என் விண்ணப்பம் இதுதான். சொந்தமாகச் சர்வர் வைத்து அந்த இத்தாலிய ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு, வானிலை எவ்வளவு தூரம் நிலையின்றி மாறலாம் என்பதைப் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை ஓர் எண்ணால் குறிக்கும் வசதி இருக்கிறது; பூஜ்யம் என்றால் தொடக்கத்தில் உள்ளபடியே கடைசிவரை இருக்கும். அதைப் பூஜ்யத்தில் விட்டுவைக்காதீர்கள். ஏழுக்குப் போனால் கூத்தாகிவிடும். மூன்று அல்லது நான்கு போதும். மேக அளவையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள், வைத்த எண்ணை ஓட்டுகிறவர்களிடம் சொல்லாதீர்கள். இருபது நிமிஷப் பந்தயத்தில் வானம் மாற அவகாசமில்லை. ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள்.