சுவை யாருடைய சொத்து?

"இலக்கியச் சுவை அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது, அதிலே அரசியலுக்கு என்ன வேலை?" என்று கேட்கின்றனர் நண்பர்கள் சிலர். கேட்க இனிக்கத்தான் செய்கிறது! ஒருவருக்குக் கம்பன், ஒருவருக்குப் பாரதிதாசன், இன்னொருவருக்குத் துப்பறியும் கதை. யார் தடுத்தார்? ஆனால் அதே நாவால், அடுத்த நொடியே, "பாமரன் படிப்பதெல்லாம் குப்பை" என்று தீர்ப்பும் கூறுகின்றனரே! தம் சுவை உள்ளத்தின் உரிமை. ஊரார் சுவை மட்டும் குற்றமோ?

1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அறிஞர் அண்ணாவும் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளையும் சொற்போர் நிகழ்த்தினர். அடுத்த மாதமே சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடன் அண்ணா வாதிட்டார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா கூடாதா என்பதே வழக்கு. எதிரே நின்ற இருவரும் பெரும்புலவர்கள். அவர்கள் மேடைக்கு வந்தனர், விடை கூறினர். "இது என் சொந்தச் சுவை, கேட்காதே" என்று கதவைச் சாத்திக் கொள்ளவில்லை. அந்தப் பெருந்தன்மை இன்றைய சுவைஞர்களிடம் எங்கே?

நூலைப் பற்றிய கருத்து வெறும் தனி விருப்பமே எனில், 'ஆரிய மாயை' எழுதியதற்காக 1950-இல் அண்ணாவைச் சிறைக்கு அனுப்பியது ஏன்? ஆளவந்தார்க்குப் பிடிக்காத ஏடு என்றால் அரசியல்; பிடித்த ஏடு என்றால் கலை! நல்ல தராசு!

சுவை வானத்திலிருந்து சொட்டுவதன்று. கைக்கெட்டும் தொலைவில் எந்த ஏடு இருந்ததோ, அதைத் தொட்டு வளர்வது. வடக்கனந்தலில் நின்று மேற்கே நோக்குங்கள்; கல்வராயன் மலை தெரியும். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்களாகப் பங்கிடப்பட்ட மலை அது. சென்னையிலே கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. பொது நூலகச் சட்டம் 1948-இல் பிறந்தது. மலை மக்களோ 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தனர், கூலியின்றி உழைத்தனர். கன்னிமாராவுக்கும் அந்த விடுதலைக்கும் இடையே 80 ஆண்டுகள்! அந்த 80 ஆண்டுகளில் நகரத்தான் மூன்று தலைமுறையாக நூல்களைப் புரட்டினான், பிடிக்காததை எறிந்தான், தேர்ந்தான். அப்படிப் பெற்றதைப் பிறவிப் பேறு என்கிறான். மலையூரில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவனின் பேரன் படக்கதை படித்தால் எள்ளி நகைக்கிறான். படிக்கட்டும் ஐயா! அதுதான் முதற்படி.

அடிவாரத்துப் பேரூரிலே வீட்டு வரி செலுத்துவோர் நூலக வரியும் சேர்த்தே செலுத்துகின்றனர். ஓட்டு வீட்டுக்காரன் கொடுக்கும் காசும் அதிலே உண்டு. அந்தக் காசில் என்ன நூல் வாங்குவது என்று அவனைக் கேட்டீர்களா? "தரமான நூல்" என்று யாரோ முத்திரையிட்டு அனுப்புவது அலமாரியிலே தூசி படிந்தால், படிக்காதவன்மீது பழி!

நூல் தேர்வு செய்யும் குழுவிலே மலையூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அமர வேண்டும். என்ன நூல் வேண்டும் என்று அடிவாரத்திலும் மலைமேலும் கேட்டுப் பட்டியல் எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் கம்பனும் இருக்கலாம், துப்பறியும் கதையும் இருக்கலாம். அது அவர்கள் பாடு.