அப்பாவைச் சாகடித்த சிரிப்பு

1974இல் அமெரிக்காவில் தொடங்கிய 'குட் டைம்ஸ்', சிகாகோவின் அரசுக் குடியிருப்பில் வாழும் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். அம்மாவாக நடித்த எஸ்தர் ரோல், குடும்பத்தில் அப்பா இருந்தே ஆகவேண்டும் என்று போராடினார். கறுப்பின வீடுகளில் அப்பா இருக்கமாட்டார் என்ற பொதுப்புத்திக்கு அது பதிலடி.

அந்த அப்பாவாக நடித்த ஜான் ஏமோஸ், மூத்த மகனை வெறும் கோமாளியாக்குவதை எதிர்த்தார். பெரும்பாலும் வெள்ளையரான எழுத்தாளர்களோடு மோதினார். நீக்கப்பட்டார். 1976இல், அப்பா கார் விபத்தில் இறந்ததாகத் தந்தி வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்து அம்மா கதறும் காட்சி எவரையும் அழவைக்கும். எனக்கோ அழுகையைவிடக் கோபமே வருகிறது. அது விபத்தல்ல, தண்டனை. ஒடுக்கப்பட்டவர் சிரிக்கவைக்கலாம்; தன்னை இப்படிக் காட்டாதே என்று சொன்னால் கதையிலும் இடமில்லை.

நம்மைப் பற்றிய குடும்பக் கதைகளிலும் முதலில் கேட்போம்: எழுதுவது யார்?