நாலு கம்பியில் ரெண்டைக் காணோம்

மூணு வாரமாக ஒரு ஒயரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். அந்தக் கடுப்பில் எழுதுவது இது. பி.காம் படிக்கிறவனுக்கு ஒயரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கேட்கவும்.

எங்கள் தாத்தாவுக்குப் போன வருஷம் கண்புரை ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. ஆயுசு முழுக்க ஊர்ப்புற நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்த மனுஷன், "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுடா" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மாமா தான் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஈ-ரீடரைக் கொடுத்தார். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை.) அதில் எழுத்தை நகம் அளவுக்குப் பெரிதாக்கலாம். செல்போன் திரை மாதிரி கண்ணில் வெளிச்சம் குத்தாது. தாத்தா நாலே நாளில் பழகிக்கொண்டார். உள்ளே இருந்த ஏழெட்டுப் புத்தகம் தீபாவளிக்குள் காலி. "அடுத்தது ஏத்திக் குடுடா" என்றார்.

அங்கேதான் சனி பிடித்தது.

லேப்டாப்பில் செருகினால் ஈ-ரீடரில் மின்னல் படம் வருகிறது, சார்ஜ் ஏறுகிறது. ஆனால் லேப்டாப்பில் ஒன்றுமே வரவில்லை. அந்த "டிங்" சத்தம்கூட இல்லை. இணையத்தில் உதவிப் பக்கங்களைத் தேடினேன். எல்லாரும் ஒரே மந்திரம். ரீஸ்டார்ட் செய்யுங்கள். பவர் பட்டனை நாற்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். வேறு போர்ட்டில் செருகுங்கள். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். அத்தனையும் செய்தேன். ஹாஸ்டலில் நாலு பேருடைய லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். கடைசியில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கு தம்பி. மாத்தணும்னா மூவாயிரத்து இருநூறு ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் மூவாயிரத்து இருநூறு என்பது விளையாட்டு இல்லை. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தாத்தா அதற்குள் பழைய ஏழெட்டையே இரண்டாம் ரவுண்டு ஆரம்பித்திருந்தார்.

தீர்வு கிடைத்தது காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில். அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்கப் போனபோது புலம்பினேன். அந்த அண்ணா, போனிலிருந்து ஃபைல் எடுக்க மேஜையில் தொங்கவிட்டிருந்த கேபிளை என் கருவியில் செருகினார். டிங்! டிரைவ் வந்து நின்றது. "உன்னோடது சார்ஜிங் கேபிள் தம்பி. டேட்டா போகாது" என்று சொல்லிவிட்டு ரெண்டு பக்கம் பிரிண்டுக்கு நாலு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

ரூமுக்கு வந்து என் கேபிளைப் பிளேடால் கிழித்துப் பார்த்தேன். (பவர் பேங்க் வாங்கும்போது கூடவே வந்தது.) சாதாரண யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நாலு கம்பி இருக்க வேண்டும். சிவப்பில் ஐந்து வோல்ட் மின்சாரம் போகும், கறுப்பு தரை. வெள்ளையும் பச்சையும்தான் தகவல் போகிற பாதை. என் கேபிளில் சிவப்பும் கறுப்பும் மட்டும் இருந்தன. மீதி இரண்டையும் போடவே இல்லை.

அந்த இரண்டு கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், கம்ப்யூட்டருக்கு ஒரு கருவி வந்திருக்கிறது என்றே தெரியாது. கருவி தகவல் கம்பிகளில் ஒன்றில் லேசான மின்னழுத்தம் ஏற்றிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் "யாரப்பா நீ?" என்று விசாரிக்க ஆரம்பிக்கும். கதவைத் தட்டக் கையே இல்லாதபோது உள்ளே இருப்பவர் எப்படித் திறப்பார்? ஆகவே டிரைவரைப் போட்டு எடுத்தது, ரீஸ்டார்ட், நாற்பது விநாடி விரதம் எல்லாம் தண்டம்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

யூ.எஸ்.பி. என்பதன் விரிவு யுனிவர்சல் சீரியல் பஸ். பெயரிலேயே பஸ் இருக்கிறது, தகவலை ஏற்றிக்கொண்டு போகிற பஸ். தகவலே ஏற்றாத கேபிளை "யூ.எஸ்.பி. கேபிள்" என்று அட்டையில் அச்சடித்து விற்பது, ஆள் ஏற்றாத பஸ்ஸை விற்பது மாதிரி. (நம் ஊரில் ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ்களைப் பற்றி இங்கே பேசவில்லை.) எங்கள் பாடத்தில் 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு, ஒரு பொருளை விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவை வாத்தியார் நடத்தும்போது "வாங்குபவனே, ஜாக்கிரதை" என்ற கோட்பாட்டை லத்தீனில் சொல்லிவிட்டு, அதற்கான விதிவிலக்குகளை ஒரு மணி நேரம் நடத்துவார். நான் கேட்பது, ஜாக்கிரதையாக இருக்க வழி எங்கே? வெளியே இருந்து பார்த்தால் நாலு கம்பியும் ரெண்டு கம்பியும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பிளேடால் கிழித்துப் பார்த்து வாங்கச் சொல்கிறார்களா?

சார்ஜிங் கேபிளே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரயில்வே ஸ்டேஷன் மாதிரிப் பொது இடத்தில் சார்ஜ் போடுகிறவர்களுக்குத் தகவல் போகாத கேபிள்தான் பாதுகாப்பு. அதை அட்டையில் எழுதுங்கள் என்கிறேன். "சார்ஜ் மட்டும்" என்று ரெண்டே வார்த்தை. ரெண்டு கம்பியை மிச்சம் பிடித்தவருக்கு ரெண்டு வார்த்தை அச்சடிக்க மை இல்லையா? ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன், டேப்லெட், ஈ-ரீடர் எல்லாவற்றுக்கும் டைப்-சி துளைதான் என்று சட்டம் வந்துவிட்டது. நல்லது, துளை ஒன்றாகிவிட்டது. ஆனால் துளைக்குள் போகிற ஒயருக்குள் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லையே.

கேபிள்காரனை விடுங்கள். என் பெரிய கோபம் ஈ-ரீடர் செய்பவர்கள் மேல்தான். அந்தக் கருவியில் ஆறு அங்குலத் திரை இருக்கிறது. அதன் வேலையே எழுத்தைக் காட்டுவது. மின்சாரம் வருகிறது, தகவல் வரவில்லை என்பது அதற்குத் தெரியும். "சார்ஜ் மட்டும் ஏறுகிறது. கம்ப்யூட்டரில் செருகியிருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? எனக்கு மூணு வாரமும், தாத்தாவுக்கு மூணு வாரமும் மிச்சமாகியிருக்கும். ஆயிரம் பக்க நாவலைக் காட்டத் தெரிந்த திரைக்கு இந்த ஒரு வரி வராதா?

வராததற்குக் காரணம் அலட்சியம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் படித்துப் பார்த்தபோது வேறு வாசனை அடித்தது. கேபிள் வழியை அவர்கள் விரும்புவதே இல்லை. அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல், காசு கொடுத்து வாங்கிய கிண்டில் புத்தகத்தைத் தன் தளத்திலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி, கேபிள் வழியாகக் கருவியில் ஏற்றும் வசதியை எடுத்துவிட்டது. நம்மிடம் இருக்கும் சொந்த ஃபைலைக் கேபிளில் ஏற்றலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் காசு கொடுத்ததை வைஃபை வழியாக நேரே கருவிக்குள் மட்டுமே வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் கிண்டிலைச் செருகினால் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும். 2024இல் வந்த மாடல்கள் எம்.டி.பி. என்ற வேறு முறையில் பேசுகின்றன. விண்டோஸுக்கு அந்தப் பாஷை தெரியும். மேக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, தனியாக ஒரு மென்பொருள் போட வேண்டும். இது தெரியாமல் கேபிளையும் போர்ட்டையும் மாற்றி மாற்றிச் செருகிக் கொண்டிருப்பவர்களை நினைத்தால் என் மூணு வாரம் தேவலாம் போலிருக்கிறது.

"அதனால் என்ன, வைஃபை இருக்கே" என்பான் என் ரூம்மேட். தாத்தா வீட்டில் வைஃபை இல்லை. அவர் கையில் இருப்பது பட்டன் போன். புத்தகம் படிக்க முதலில் மாசச் சந்தா கட்டு என்பது என்ன நியாயம்? அதோடு வைஃபை வழியாக வருவது அதே வழியாகப் போகவும் செய்யும். 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாத ஒரு நிறுவனம் தன் கடையில் விற்றுவிட்டது என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்து இரண்டு புத்தகங்களை ராத்திரியோடு ராத்திரியாக அழித்தது. அழிந்தவை ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை'. (கதையாக எழுதினால் ஓவர் என்பீர்கள்.) பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் கடைக்காரர் ராத்திரி நம் வீட்டு அலமாரியைத் திறக்க முடியும் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது.

"திருட்டுப் புத்தகத்தைத் தடுக்கத்தானே இதெல்லாம்?" என்பது அடுத்த கேள்வி. என் தாத்தா கேட்டது கல்கி. கல்கி காலமானது 1954இல். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து அறுபது வருஷத்துக்குப் பிறகு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதற்கு முன்பே அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஊதியமே இல்லாமல் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இதில் யார் வீட்டுச் சொத்தை யார் திருடினார்கள்? தமிழில் ஈ-ரீடரில் படிப்பவருக்குச் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பகுதி இப்படிக் கடைக்கு வெளியே இருப்பவைதான். கேபிள் நமக்கு நூலகத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை.

இந்தச் சண்டையைப் போட்ட முதல் மாணவன் நான் இல்லை. 2006இல் சோனி பி.ஆர்.எஸ்.-500 என்று ஒரு ஈ-ரீடர் வந்தது. அது லினக்ஸ் கம்ப்யூட்டரோடு பேசவே பேசாது. அப்போது அமெரிக்காவில் கால்டெக்கில் படித்துக்கொண்டிருந்த கோவித் கோயல் என்ற இந்திய மாணவர், கேபிளில் என்ன ஓடுகிறது என்பதைக் கவனித்து, அந்தக் கருவியின் பாஷையைத் தானே கண்டுபிடித்து ஒரு மென்பொருள் எழுதினார். அதுதான் வளர்ந்து இன்றைக்கு எல்லாரும் பயன்படுத்தும் காலிபர். காசு கிடையாது. உலகத்தில் பாதி ஈ-ரீடர்காரர்கள் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள் என்பேன் (பாதி என்பது என் குத்துமதிப்பு, சண்டைக்கு வராதீர்கள்). கருவி கம்ப்யூட்டரோடு சேரமாட்டேன் என்றதற்கு அவர் ஒரு மென்பொருள் எழுதினார். நான் புலம்பல் எழுதுகிறேன். அவரவர் டிப்பார்ட்மென்ட்.

புலம்பலோடு நிறுத்தினால் பாவம் என்பதால், இதே கடுப்பில் இருப்பவர்களுக்கு: முதலில் கேபிளை மாற்றுங்கள். போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் ஏற்றிப் பாருங்கள், ஏறினால் அது டேட்டா கேபிள். அடுத்து, கருவிக்குப் பாஸ்கோடு போட்டிருந்தால் அதைத் திறந்துவிட்டுச் செருகுங்கள். கோபோ கருவிகளில் திரையில் இணைக்கவா என்று கேட்கும், தொட்டால்தான் டிரைவ் வரும். துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம், கருவியை அணைத்துவிட்டு மரத்தாலான பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி மட்டும் வேண்டாம். இதெல்லாம் செய்து முடிக்கும்வரை "போர்டு போச்சு" என்று யார் சொன்னாலும் பர்ஸைத் திறக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பதினாலு புத்தகம் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜெராக்ஸ் கடை அண்ணாவிடமே கேட்டு வாங்கிய டேட்டா கேபிளில், மாறிப் போகக் கூடாது என்று தாத்தா மஞ்சள் நூல் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறார். நேற்று போன் செய்தார். சிவகாமியின் சபதம் முதல் பாகம் முடிந்துவிட்டதாம். "அடுத்த பாகத்துலயாவது அந்த நாகநந்தி மாட்டுவானா?" என்று கேட்டார். நான் படித்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.