படம் யாருக்காக?

"புற்றுநோய்ப் படத்தைப் பார்த்து எவன் சிகரெட்டை விட்டான்? பெட்டியில் எதை அச்சடிப்பது என்று சொல்ல அரசு யார்?" என்று சிலர் வாதிடுகிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2016 ஏப்ரலில் இந்தியாவில் சிகரெட் பெட்டியின் இரு முகப்பிலும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கு ஒதுக்கப்பட்டது. 2016-17இல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், சிகரெட் பிடிப்பவர்களில் சுமார் 62 சதவீதம் பேர் எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிட நினைத்ததாகச் சொன்னார்கள். நினைத்தவர்கள் எல்லோரும் விட்டுவிடவில்லை, உண்மைதான். ஆனால் நினைக்க வைப்பதுதானே அந்தப் படத்தின் வேலை?

பெட்டியால் பயனில்லை என்றால் சிகரெட் கம்பெனிகள் ஏன் இப்படிப் பதறுகின்றன? ஆஸ்திரேலியா 2012இல் எல்லாப் பெட்டியையும் ஒரே மங்கிய நிறத்துக்கு மாற்றியபோது உயர் நீதிமன்றம், சர்வதேச நடுவர் மன்றம் என்று ஏறி இறங்கின. இரண்டிலும் தோற்றன. பெட்டிதான் அவற்றுக்கு மிஞ்சியிருந்த விளம்பரப் பலகை. அது குறிவைப்பது இன்னும் புகைக்கத் தொடங்காத பையனை. இரண்டாவது கேள்விக்குப் பதில் அவன்தான்.

நம் ஊரில் சட்டத்தின் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் கேட்டால் கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார். பெட்டி அவர் கையைவிட்டு நகர்வதே இல்லை. வாங்குபவருக்குப் படமும் இல்லை, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற எண்ணும் இல்லை. இந்த ஓட்டைக்காக எச்சரிக்கைச் சட்டத்தையே கைவிடச் சொல்வது என்ன நியாயம்? கனடா 2023இல் ஒவ்வொரு சிகரெட்டின் மீதும் எச்சரிக்கை அச்சடிக்கச் சட்டம் கொண்டுவந்தது. நம் அரசு ஒற்றைச் சிகரெட் விற்பனையைத் தடுக்கட்டும். முடியாவிட்டால் கனடா செய்ததையாவது செய்யட்டும்.